கொடியும் கொழுகொம்பும்

நகரங்களில் இக்காலத்து வீடு கட்டுவோர், கடைக்கால் தோண்டுமுன்னரே வண்டி நிறுத்துதற்கு இடம் யாது என்று வினவுகின்றனர். முற்றம் யாண்டையது என்று வினவுவோர் மிக அரியராயினர். வண்டிக்கு ஒதுக்கியது போக, மதிலுக்கும் சுவருக்குமிடையே முழ அகலத்தில் எஞ்சிய மண்ணும் காரைக்கு இரையாகிவிடுகின்றது. பின்னர், அவ்வெறுமையைக் கண்டு மனம் பொறாது, நாற்றுப்பண்ணைக்குச் சென்று, கண்ணைக் கவர்ந்த கொடியொன்றை விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் நட்டு, தோட்டம் அமைத்துவிட்டோம் என்று மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை நாம் குறை கூற வந்தோமல்லோம். ஆயின், “என் மதிலுக்குள் யான் எதை வைத்தாலும் பிறர்க்கு என்ன?” என்று அவர்கள் கொண்டிருக்கும் எண்ணத்தோடு நாம் உடன்படுதற்கில்லை. மதிலைக் கட்டியவன் மனிதன். கொடி அதனை அறியாது. காற்றும் பறவையும் மழைநீரும் விதையைச் சுமந்து செல்லுங்கால், பத்திரப் பதிவு பெற்ற எல்லைகளைப் பார்த்துச் செல்லுவதில்லை. ஆகலின், வீட்டுத்தோட்டம் என்பது ஒருவனுடைய சொந்த விஷயம் மட்டுமன்று, ஓரளவிற்கு ஊர் விஷயமுமாம் என்பதே இங்கு நாம் கூறப் புகுந்தது.

மரம் வைக்க இடமில்லாதார்க்குக் கொடியே உற்ற துணை. மரம் தன் உடலைத் தானே தாங்க வேண்டியிருத்தலின், தேடிய உணவிற் பெரும்பகுதியை அடியைப் பருக்கச் செய்வதிற் செலவிடுகின்றது. கொடியோ பிறிதொன்றின்மேற் சாய்ந்து நிற்றலால், அச்செலவு மிச்சப்பட்டு நீளத்திலும் இலையிலும் பூவிலும் சென்று சேருகின்றது. ஒரு சாண் மண்ணில் வேர்கொண்டு மாடி முழுதும் நிழல் செய்தல் வேறெதற்கு இயலும்? சார்லஸ் டார்வின் நோயுற்று அறையிற் கிடந்த நாட்களில், தொட்டியில் வைத்த ஒரு கொடியின் நுனி சுழன்று சுழன்று பற்றுக்கோடு தேடுவதை இரவும் பகலும் நோக்கிக் குறித்துவந்தார். அத்தகைய ஆராய்ச்சிகளைத் திரட்டி 1865-ஆம் ஆண்டில் கொடிகளின் அசைவுகளைப் பற்றி நீண்ட கட்டுரை யொன்று வெளியிட்டார். தாவர நூல் பயிலும் மாணவர் அதனைத் தேர்வுக்காகவன்றி இன்பத்துக்காகவே படிக்கலாம்.

எல்லாக் கொடியும் ஒரே வகையாய் ஏறுவதில்லை. அவரையும் சங்குப்பூவும் தம் தண்டையே கொம்பிற் சுற்றி ஏறும். பாகல், பீர்க்கு, கோவை முதலியன பற்றுச்சுருள் நீட்டிப் பிடிக்கும். காந்தளோ இலையின் நுனியையே சுருளாக்கிக்கொள்ளும் விந்தையுடையது. மிளகும் வெற்றிலையும் கணுக்களில் விடும் சிறுவேர்களால் மரப்பட்டையை ஒட்டிப் பற்றும். காகிதப்பூ என்று நம்மவர் வழங்கும் பூகென்வில்லா, உண்மையில் ஏறுவதேயன்று. தன் முட்களை மாட்டிக்கொண்டு பிறவற்றின்மேற் சாய்வது. இவ்வேறுபாட்டை அறியாமல், பாகலுக்குத் தடித்த கம்பத்தை நட்டுவிட்டு அது ஏறவில்லையே என்று நொந்துகொள்வோர் பலர். அதற்கு வேண்டியது மெல்லிய சுள்ளி, அல்லது ஒரு சணல் நூல். மிளகுக்கு வேண்டியது சொரசொரப்பான மரம். அதனாலன்றோ நம் முன்னோர் கல்யாண முருங்கையை அதற்குத் துணை நட்டனர். இக்காலத்தார் விரும்பும் இரும்புக் குழாய்ப் பந்தல் பார்வைக்கு நேர்த்தியாயினும், சித்திரை வெயிலிற் சுடுதலின், அதனைத் தொட்ட இளந்தளிர் கருகிப்போம். மூங்கிலும் சவுக்கும் சூடேறுவதில்லை; விலையும் குறைவு.

கொழுகொம்பு என்றதும் பாரி வள்ளலின் நினைவு எழாத தமிழரில்லை. படர்தற்குப் பற்றுக்கோடின்றி வருந்திய முல்லைக்குத் தன் தேரை ஈந்தான் பறம்பின் தலைவன் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்தது. அக்கதையைக் கூறுவோர் அனைவரும் அவன் கொடையைப் புகழ்வரேயன்றி, அம்முல்லை நின்ற இடத்தை நோக்குவாரில்லை. அஃது அரண்மனைத் தோட்டத்து முல்லையன்று; வழியோரத்துக் காட்டு முல்லை. அதனைப் பெயர்த்துக்கொணர்ந்து தன் முற்றத்தில் வைக்குமாறு அவன் ஏவலரைப் பணிக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே படரவிட்டுத் தான் நடந்து போனான். அழகிய செடியொன்றைக் கண்டவிடத்து ‘இது என் வீட்டிற்கு வேண்டும்’ என்று கருதும் நம் இயல்புக்கும் அவன் இயல்புக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

இனி, மதிலைத் தாண்டிச் சென்றவற்றின் கதைக்கு வருவோம். உண்ணிச்செடி என்னும் முட்புதரை அறியாதார் இலர். அமெரிக்கக் கண்டத்திற் பிறந்த அச்செடி, பல நிறப் பூங்கொத்தின் அழகைக் கண்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. வேலிக்கும் அழகுக்குமாகத் தோட்டந்தோறும் பரவிற்று. அதன் கரும்பழத்தைப் பறவைகள் உண்டு விதையைக் காடெங்கும் எச்சமிட்டன. இன்று இந்தியாவிற் புலிகள் வாழும் காட்டு நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் அது பரவியிருக்கின்றதென ஆராய்ச்சியாளர் 2020-இல் கணக்கிட்டனர். அதன் அடியிற் புல் முளையாது. புல்லில்லையேல் மானும் காட்டெருமையும் இல்லை. நீலகிரிப் பழங்குடியினர் சிலர் அதன் தண்டுகளை வெட்டி வளைத்து யானை உருவங்கள் சமைக்க, அவை 2021-இல் இலண்டன் நகரப் பூங்காக்களிற் காட்சிக்கு நின்றன. காட்டை அழித்த செடியே யானையுருவாய் நின்றது கண்டு வியக்கலாம். ஆயினும் எத்தனை யானை செய்து அச்செடியைத் தீர்ப்பது!

ஆகாயத்தாமரையின் வரலாறும் இத்தகையதே. தென்னமெரிக்க நீர்நிலைகட்குரிய அது, ஊதாப்பூவின் பொருட்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்திற்கு வந்து, இப்பொழுது நம் ஏரிகளை மூடிக் கிடக்கின்றது. நெய்வேலிக் காட்டாமணக்கு என நாம் வழங்குவது நெய்வேலிக்கும் உரியதன்று, காட்டாமணக்கும் அன்று. தென்னமெரிக்காவினின்று வேலிக்கும் பூவுக்குமாக வந்து கண்மாய்க் கரைகளை ஆக்கிரமித்தது. முதுமலைக் காட்டில் மஞ்சட் பூக்குலைகளோடு நிற்கும் ஒரு கொன்றையைக் கண்டு, நம் சரக்கொன்றை இங்ஙனம் செழித்ததே என்று மகிழ்வோருண்டு. அஃது அமெரிக்காவினின்று அழகுக்காகவும் நிழலுக்காகவும் வந்த வேறொரு மரம். அதனை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் பணியைத் தமிழ்நாட்டரசு மேற்கொண்டுள்ளது. இவற்றைக் கொணர்ந்தவருள் ஒருவரேனும் தீய எண்ணத்தோடு கொணர்ந்தாரல்லர். அனைவரும் பூவை விரும்பியவரே. நம்மை அச்சுறுத்த வேண்டியது அதுவேயாம்.

இங்ஙனம் கூறுதலால், அயல்நாட்டுச் செடியெல்லாம் பகை, உள்நாட்டுச் செடியெல்லாம் நட்பு என்று நாம் கருதுவதாக எண்ணற்க. நம் சமையலறையினின்று மிளகாயையும் தக்காளியையும் நாடு கடத்தத் துணிவாரும் உளரோ? மாலை தொடுக்கும் துலுக்கச் செவ்வந்தியும் மெக்சிக்கோ நாட்டினதே. அன்றியும், குற்றம் ஒரு திசையிலிருந்து மட்டும் வருவதன்று. நம் நாட்டில் வேலியோரத்தில் அடங்கிக் கிடக்கும் கோவைக்கொடி, கறிக்காக ஹவாய்த் தீவுகட்குச் சென்று, அங்குள்ள மரங்களையும் மின்கம்பங்களையும் போர்த்துவிட்டது. அதனை அடக்க 1990-களில் ஆப்பிரிக்காவினின்று அதனைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டனர். வட இந்தியாவிலும் மியான்மரிலும் தானாய் வளரும் நீலநிறத் துன்பர்ஜியாக் கொடி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காடுகளில் மரங்களைச் சாய்க்கும் களையாக எண்ணப்படுகின்றது.

காரணம் யாதெனின், ஒரு செடி தான் பிறந்த நிலத்தில் தனியே வாழ்வதில்லை. அதன் இலையைத் தின்னும் புழுவும், வேரைத் துளைக்கும் வண்டும், தண்டை அழிக்கும் பூஞ்சையும் அதனுடனே பிறந்து வளர்ந்தவை. இவையெல்லாம் அதன் பகையென நாம் கருதினும், ஊருக்கு அவை காவல். விதையை மட்டும் கப்பலேற்றினால் காவல் கரையில் நின்றுவிடுகின்றது. ஆகவே ஒரு செடியை நோக்கி ‘நீ எந்நாட்டில் பிறந்தாய்?’ என்று வினவுதலினும், ‘வைத்த இடத்தில் நிற்பாயோ?’ என்று வினவுதலே அறிவுடைமை. காகிதப்பூ பிரேசில் நாட்டினது. 1760-களில் பூகென்வில் என்னும் பிரெஞ்சுக் கடற்றலைவருடன் சென்ற கொம்மெர்சோன் என்பார் இரியோ நகரின் அருகிற் கண்டு தலைவர் பெயரை அதற்கு இட்டார். அதன் நிறம் பூவினதன்று, பூவைச் சூழ்ந்த இலைகளினது என்பது யாவரும் அறிந்ததே. நம் நாட்டில் அது பெரும்பாலும் விதை கொள்ளாமல், போத்து வைத்தவிடத்தே நிற்கின்றது. தண்ணீரும் மிகுதியாய்க் கேட்பதில்லை. அதனோடு நமக்கு வழக்கொன்றுமில்லை. வேலி முழுவதும் அதுவாகவே இருக்கும் தெருவில் ஒரு தேனீயைத் தேடிக் காண்பது அரிதென்பது மட்டுமே நம் குறை.

அக்குறை சிறிதோ பெரிதோ என்பதை ஆராய்தற்கு ஒரு கொடியைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். ஈசுவரமூலி என்பது நம் நாட்டுக் கொடி. புதர்களில் மெலிந்து படர்வது. அதன் பூ கண்ணைக் கவராது. கரிய சிறகும் சிவந்த உடலும் உடைய அழகிய பட்டாம்பூச்சி வகைகள் இரண்டும், மேற்கு மலைத்தொடரில் வாழும் பொன்னழகி என்னும் மிகப் பெரிய பட்டாம்பூச்சியும், இக்கொடியிலும் இதன் இனத்தவற்றிலுமன்றி வேறெங்கும் முட்டையிடா. இலையில் உள்ள நஞ்சைப் புழு தன் உடலிற் சேர்த்துக்கொள்ளுதலின், பின்னர்ப் பறவைகள் அதனைத் தொடுவதில்லை. நஞ்சில்லாத வேறொரு பட்டாம்பூச்சியின் பெண், இவற்றைப் போன்றே சிவந்த புள்ளி தாங்கி வேடம் பூண்டு பிழைக்கின்றது. ஆக, ஒரு கொடி அழிந்தால் அரசரோடு அரசர் வேடம் பூண்டவரும் அழிவர்.

இனி, இதே இனத்தில் தென்னமெரிக்காவிற் பிறந்த கொடியொன்றுண்டு. ஊதா நிறச் சித்திர வேலைப்பாடு கொண்ட புகைக்குழாய் போன்ற பூவுடையது. தோட்டப் பிரியர் விரும்பி வைப்பது. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பறவைச்சிறகன் என்னும் பட்டாம்பூச்சி இதன் மணத்தைத் தன் சொந்தக் கொடியின் மணமென மயங்கி இதன்மேல் முட்டையிடுகின்றது. பொரித்த புழு ஓரிலை தின்ற அளவில் மடிகின்றது. தாய் அறியாள், மறுநாளும் வந்து இடுவாள். வீட்டுக்காரரோ, பட்டாம்பூச்சி நாள்தோறும் வருகின்றதே என்று அகமகிழ்ந்து அயலாரை அழைத்துக் காட்டுவர். மதிலுக்குள் நடப்பது பிறர்க்கு என்ன என்று வினவியவர்க்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ?

நம் கருத்து இதுவாயின், எதைத்தான் வைப்பது என்று மாணவர் கேட்பர். பந்தலிட இடமுடையார்க்கு அவரையினும் சிறந்ததை யாம் அறியோம். ஊதாவும் வெண்மையுமாய்ப் பூச்சரம் நீட்டி, வண்டுகளை அழைத்து, மார்கழி தையிற் காயும் தரும். இடம் சிறிதெனின் சங்குப்பூ. பழைய நூல்கள் கருவிளை என்றது நீலச் சங்குப்பூவையே. விதையின் தோல் தடித்ததாகலின் ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் ஏறத்தாழ இரண்டு திங்களிற் பூக்கும். வேரில் முடிச்சுகள் தோன்றி மண்ணுக்கு வெடியஉப்புச் சத்தைச் சேர்க்கும். அதன் நீல நீரில் எலுமிச்சைச் சாறு பிழிய ஊதாவாய் மாறுதலைச் சிறுவர்க்குக் காட்டினால், இரசாயனப் பாடத்தின் முதற்படி வீட்டிலேயே முடிந்தது. முடக்கற்றான், தூதுவளை, பிரண்டை ஆகியவை பூவுக்கென்று வைக்கப்படுபவையல்ல. அடுப்படிக்கு அருகில் இடம் பெறத்தக்கவை. மாலைப்பொழுதில் வெள்ளையாய் மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதன்பின் செஞ்சிவப்பாகும் இரங்கூன் மல்லியை அகன்ற வாயிலுடையார் வைக்கலாம். இரவில் வரும் நீண்ட நாவுடைய அந்துப்பூச்சிக்கு வெண்மையும் மணமும், பகலில் வருவோர்க்குச் செம்மையும் என ஒரே கொத்தில் இருவகை விருந்து அது வைக்கின்றது. ஆயின் அது பெருங்கொடி. சிறிய வீட்டின் சன்னலை மூடிவிடும்.

மல்லிகை இனத்தைப் பற்றி மிகுதியாய் உரைத்தல் வேண்டா. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசும் நம்மவர், அதனை வெட்டவேண்டிய காலத்தை மட்டும் மறந்துவிடுகின்றனர். மல்லிகையை நவம்பர் இறுதியிலும், பிச்சியை டிசம்பர் இறுதியிலும், முல்லையைச் சனவரி இறுதியிலும் முழங்கால் உயரத்திற்குக் கழித்துவிடல் வேண்டும். செடியிடத்து இரக்கம் கொண்டு கத்தி வைக்காதவர் வீட்டில் இலை தழைக்கும், பூ குறையும். குண்டு மல்லிகை பெரும்பாலும் விதை கொள்ளாது. போத்தினாலும் பதியத்தினாலுமே பெருகும். தமிழ்நாட்டின் பல மாவட்டத்துத் தோட்டங்கட்கு நாற்று இராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்து மணலினின்றே செல்லுகின்றது.

இதற்கெல்லாம் தண்ணீர் எங்கே என்பார்க்கு: முற்காலத்துப் புழக்கடையில் கனகாம்பரமும் வாழையும் குளித்த நீரிலும் பாத்திரம் கழுவிய நீரிலுமே வளர்ந்தன. அந்நீர் இன்றும் வீட்டில் உண்டு. குழாய் வழியே கண்ணிற் படாமற் போகின்றது, அவ்வளவே. தமிழ்நாட்டிற் கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பு அமைக்கவேண்டுமென 2003-இல் சட்டம் செய்தனர். அதற்கெனக் குழி தோண்டியவரே மிகுந்த மண்ணைக் காரையால் மூடியதை நோக்க, நகைப்பதோ வருந்துவதோ அறியோம்.

மற்றொன்று பெயர் பற்றியது. பெயரறியாத செடியை நம்மவர் ‘களை’ என்னும் ஒரே பெயரால் அழைத்துப் பிடுங்கிவிடுகின்றனர். ஈசுவரமூலியின் இனத்ததாகிய ஆடுதின்னாப்பாளை வயல்வரப்பிலும் கல்லூரி மைதான ஓரத்திலும் தரையோடு தரையாய்ப் படர்வது. தேசிய விழா வந்து மைதானம் துப்புரவு செய்யப்படுந்தோறும் அது மண்வெட்டிக்கு இரையாகின்றது. நம் கல்லூரி போன்ற நிலையங்கட்கு இத்துறையிற் பழந்தொடர்பு உண்டு. லின்னேயசின் மாணாக்கராகிய கேனிக் 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்து, இந்நாட்டுச் செடிகளை முறைப்படி சேகரித்து ஆராய வழி வகுத்தார். 1776-இல் அதே மிஷனுக்கு வந்த ரோட்லர், செடிகளை உலர்த்திச் சேர்த்ததோடு அமையாது தமிழ்–ஆங்கில அகராதியொன்றும் தொகுத்தார். சொல்லையும் செடியையும் ஒரே கையாற் சேர்த்த அவரைப் பின்பற்றி, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தத்தம் ஊர்வேலியிற் படரும் கொடிகளின் வழக்குப் பெயரைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவந்தால், தாவரத்துறையாரும் தமிழ்த்துறையாரும் ஒருங்கே நன்றி பாராட்டுவர். ஒரே கொடிக்கு நெல்லையில் ஒரு பெயரும் கொங்கில் ஒரு பெயரும் இருத்தல் கண்டு அயர்தல் வேண்டா, இரண்டையும் எழுதுக. கழித்துப் போட்ட தொட்டிச் செடிகளையும் அழகு நீர்ச்செடிகளையும் ஏரியிலும் வாய்க்காலிலும் எறியும் வழக்கத்தை விடுதியில் உள்ளோரேனும் இவ்வாண்டு முதல் நிறுத்துக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டின் மலராகிய காந்தளை வைக்க விரும்புவோர் பலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலிற் கூறப்படுவது அது. திருப்பூர், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அதன் விதைக்காகவே உழவர் பயிரிடுகின்றனர். கீல்வாதத்திற்குரிய கால்சிசின் என்னும் மருந்து அதினின்று எடுக்கப்படுகின்றது. அளவு மிஞ்சிய மருந்து நஞ்சன்றோ? கிழங்கு, இலை, விதை யாவும் உயிர்க்கொல்லி. வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு இறந்தோர் உளர். ஈசுவரமூலியும் உண்ணத்தக்கதன்று, அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைக்குமென இக்கால மருத்துவம் கண்டுள்ளது. பாம்புக்கடிக்கு மருந்தென்று யாரேனும் கொடுப்பின் மறுத்துவிட்டு மருத்துவமனைக்கு விரைக. காந்தட் கிழங்கைக் காட்டினின்று தோண்டாமல், பயிரிடுவோரிடம் விலைக்கு வாங்கி, ஆடி மழையோடு ஊன்றுக. பூத்து முடிந்து கொடி காய்ந்துவிடின், பட்டுப்போயிற்றென்று தொட்டியைக் கவிழ்த்துவிடாமல், நீர் வார்ப்பதை நிறுத்தி அடுத்த மழைவரை வைத்திருக்க. குழந்தைகளும் கன்றுகாலிகளும் உள்ள வீட்டார் அதனை வைக்காதிருப்பதே நன்று. அவர்கட்கு அவரை இருக்கின்றது.